மேல் ஊட்டுக்கு வெள்ளையடிக்கிற விசயம்

வாங்க தம்பி, செருப்பு அங்கயே கெடக்கட்டும். மேல் ஊடு பார்க்கத்தானே வந்தீங்க? பார்க்கலாம், பார்க்கலாம். ஊடு எங்கீங்க ஓடியா போகுது? மொதல்ல உக்காருங்க, ஃபேனைப் போடறேன். காப்பி அடுப்புல இருக்குது.

உங்களுக்கு முன்னால மூணு தடவை ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்க. மொதல்ல வந்தவரு வாத்தியாரு. தண்ணி வராதுன்னு சொல்லித் தாட்டியுட்டேன். தண்ணியெல்லாம் வருமுங்க, பேஷா வரும். ரெண்டாவது ஆளு நகைக்கடையில வேலை பார்க்கறவரு. கொரங்குத் தொந்தரவுன்னேன். ஈரோட்டுல எங்கீங்க கொரங்கு? இருந்த கொரங்கெல்லாம் பைக்கு வாங்கி ஓட்டிட்டிருக்குது. மூணாவதா ஒரு புருசனும் பொண்டாட்டியும் வந்தாங்க. அன்னிக்குப் பொய்யெல்லாம் தீந்துபோச்சு. மேல ஒரு ஆளு செத்துப்போன ஊடுன்னு உண்மையச் சொல்லிப்போட்டேன். வந்த வழியே போயிட்டாங்க. பொய்யை விட உண்மைக்குத்தான் சனங்க எச்சா பயப்படறாங்க.

உங்ககிட்ட என்ன சொல்லித் தாட்டறதுன்னு யோசிக்கறதுக்குள்ள, வாசல்ல நின்னுட்டே காப்பி வாசம் நல்லா வருதுங்கம்மான்னுட்டீங்க. அப்பறம் எப்படித் தாட்டறது?

விசயம் என்னன்னா, நாளைக்குக் காலைல வெள்ளையடிக்கிற ஆளு வாராரு. நான் கூப்புடல. என்ற பையன் பூபதி பெங்களூருல உக்காந்துட்டே போன்ல ஏற்பாடு பண்ணிப்போட்டான். வெள்ளையடிக்கோணும், வாடகைக்கு உடோணும், அம்மா தனியா இருக்கறா, மேல ஆளு இருந்தா அவனுக்கு நிம்மதியாமா. வாடகைக்கு உடறது கூடப் பரவால்லீங்க. வெள்ளையடிக்கக் கூடாது. மேல மேற்கால சொவத்துல யாரும் கை வெக்கக் கூடாது. அம்புட்டுத்தான் என்ற கட்சி. அதை அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

இந்தாங்க காப்பி. சக்கரை பத்துமா?

போன வருசம் வைகாசி மாசம் மேல் ஊட்டுக்கு வாடகைக்கு ஒரு புள்ள வந்துச்சு. பேரு ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கமாம். வயசு முப்பது இருக்கும். ஒரு மூட்டைத் துணியும் நாலு அண்டாவும் எறக்குச்சு. கல்யாண சமையல் பண்ற புள்ளையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். என்ன சோலி கண்ணுன்னு கேட்டேன். ஆர்ட்டிஸ்ட் ஆன்ட்டின்னுச்சு. சாமி படம் போடுவியான்னேன். இல்லைன்னுச்சு. ஆளு? இல்லை. மாடு, மரம், ரயிலு? ஒண்ணுமில்லை. அப்ப என்னத்தத்தான் போடுவேன்னேன். மனசுல இருக்கறதைப் போடுவேன் ஆன்ட்டிங்குது. மனசுல இருக்கறதைப் போடறதுன்னா இந்தத் தெருவுல அத்தனை பொம்பளையும் ஆர்ட்டிஸ்ட்தான். என்ன, போட்டா மறுநாளு போலீசு வந்துரும்.

சென்னிமலைக் கைத்தறித் துணி பக்கத்துல கெடைக்குதுன்னு இந்த ஊருக்கு வந்துச்சாமா. கடையில விக்கற பெயிண்ட்டைத் தொடாது. நான் குப்பைக்குக் கொட்டற வெங்காயத் தோலு, மாதுளந் தோலு, டீத்தூள் சக்கை எல்லாம் மேல போகும். செம்மண்ணு போகும். துருப்புடிச்ச ஆணியப் பொறுக்கிட்டு வந்து வெல்லத்தண்ணியில போட்டுப் பதினஞ்சு நாள் நாற உடும். துணியக் கடுக்காய்த் தண்ணியில முக்கிக் காயவெச்சு, அந்த ஆணித்தண்ணியத் தொட்டு ஒரு சொட்டு வெச்சா, வெச்ச எடம் கண்ணு முன்னாலயே கருகருன்னு ஆவும். அது ஒரு வேடிக்கைதானுங்க, இல்லைங்கல. ஆனா அந்தக் கருப்பை வெச்சு ஒரு பூவாச்சும் போடலாமல்லங்க? போடாது. திட்டுத் திட்டா வெச்சுட்டு, தள்ளி நின்னு தலையைச் சாச்சுப் பார்க்கும்.

அதுலயும் கணக்கு இருக்குது. கோவம் வந்தா கருப்பு. ஏக்கம் வந்தா மாதுளந் தோலு. ஒரு நாளு கம்முனு உக்காந்திருந்துச்சு. இன்னிக்கு என்ன கண்ணுன்னேன். வெறுமை ஆன்ட்டின்னுச்சு. வெறுமைக்கு என்ன கலருன்னேன். சோறு வடிச்ச கஞ்சி இருக்குதான்னு கேட்டு ஒரு சொம்பு வாங்கிட்டுப் போச்சு. என்ற காலத்துல வெறுமைன்னா கஞ்சியக் குடிச்சுட்டுத் தூங்கிருவோமுங்க.

இந்த எடத்துல என்னைப் பத்திச் சொல்லோணும். இந்த வட்டாரத்துல கறைன்னு ஒண்ணு பட்டுட்டா, துளசிமணிகிட்டக் கொண்டு போன்னுதான் சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. துருவுக்கு எலுமிச்சம்பழமும் உப்பும். வெத்தலைச் சாறுக்குத் தயிரு. எண்ணெய்க்கு வாசிங் சோடா. பேனா மைக்குக் காய்ச்சாத பாலு. பட்டுச்சேலையில குழம்பு கொட்டி அழுதுட்டு வந்த கல்யாணப் பொண்ணு, சிரிச்சுட்டுப் போயிருக்குது.

எப்படிப் பழகுனேன்னா, வாக்கப்பட்ட எடம் அப்படி. என்ற ஊட்டுக்காரரு டவுன் பஸ் கண்டக்டரு. காக்கிச் சட்டையில தோல் பை வாரு பட்டுத் தோளெல்லாம் அழுக்கு, விரலெல்லாம் மை, வாயெல்லாம் வெத்தலை. அதெல்லாம் கூடச் சமாளிச்சுட்டேன். தலைக்கு எண்ணெய் வெப்பாரு பாருங்க! கருவேப்பிலை போட்டுக் காச்சுன தேங்காண்ணெய். வெப்பாருன்னா தொட்டு வெக்கறதில்லீங்க, அந்தத் தலையில ரெண்டு பணியாரம் சுட்டு எடுக்கலாம். சாஞ்ச எடமெல்லாம் கறை. தலகாணி, பாயி, பஸ்ஸு ஜன்னலு. பூபதிக்குப் பொண்ணு பார்க்கப் போன எடத்துல, அவங்க அன்னிக்குத்தான் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, இவரு போயி சொவத்துல சாஞ்சு உக்காந்து பஜ்ஜி தின்னுட்டு எந்திரிச்சா, சொவத்துல முழுசா ஒரு தலை. அந்தச் சம்பந்தம் அமையல. சாதகம் பொருந்தலைன்னு சொல்லி உட்டாங்க. எனக்குத் தெரியாதா எது பொருந்தலைன்னு?

ரிட்டயராகி ஊட்டோட வந்ததும் தாங்க முடியல. கீழ சொவத்துல சாயாதீங்கன்னு ஒரு நாளு சத்தம் போட்டேன். அப்ப நான் மேல போயிக்கறேன்னாரு. போங்கன்னேன். போயிட்டாரு. ஆறு வருசமுங்க. சாப்பாட்டுக்கு மட்டும் எறங்குவாரு. மேற்கால சொவத்தோரம் ஒரு நாற்காலியப் போட்டு, தலையச் சாச்சுட்டுப் பேப்பர் படிப்பாரு. எனக்குக் கீழ சொவரு சுத்தமா இருந்துச்சு. அவருக்கும் காது சுத்தமா இருந்திருக்கும்.

சரி, அந்தப் புள்ள கதைக்கு வாரேன். ஆடிப் பதினெட்டு. ஊர் முச்சூடும் காவேரிக்குப் போயிட்டிருக்குது. அந்தப் புள்ளையும் ஆத்தைப் பார்க்கறேன்னு காலைலயே போயிருச்சு. நான் மாடிக்கு வடாம் காயப்போடப் போனா, கொடியில அந்த நீளத்துக்கு ஒரு துணி தொங்குது. வரிசையாக் கருப்புக் கருப்பாத் திட்டு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நல்ல நாளும் அதுவுமா, ஊட்டுக்கு மேல எழவு உழுந்தாப்புல கருப்புத்துணி! அது திட்டு வெக்கறதை நான் சின்னத் துணியிலதான் பார்த்திருந்தேன். இது, பாவம், அண்டா தொடச்ச துணியாட்ட இருக்குது, தொவைக்கத் தெரியாத புள்ளன்னு நெனச்சேன். கோயிலுக்குன்னு வாங்கி வெச்சிருந்த எலுமிச்சம்பழம் ஒரு டஜன் இருந்துச்சு. அம்மன் கோவிச்சுக்க மாட்டா, அவளும் பொம்பளைதானேன்னு எல்லாத்தையும் புழிஞ்சேன்.

தம்பி, நம்ப மாட்டீங்க. அந்தக் கருப்பு இருக்குதே, எலுமிச்சஞ்சாறு பட்டதும் அப்படியே கரைஞ்சு ஓடுது. ஆணிக் கறைதானே! நான் பார்க்காத ஆணியா? மூணு மணி நேரம் கும்மிக் கும்மி அலசினேன். கடைசியா நீலம் வேற போட்டேன். கொடியில போட்டா, கொக்காட்ட வெள்ளை. அந்தப் புள்ள வந்து பார்த்தா எம்புட்டுச் சந்தோசப்படும்னு படியிலயே உக்காந்து காத்துட்டிருந்தேன்.

வந்துச்சு. பார்த்துச்சு. என்ற பக்கத்துலயே படியில உக்காந்துக்குச்சு. உக்காந்து சிரிச்சுச்சு. அப்பறம் அழுதுச்சு. நமக்கு ஒண்ணும் புரியல.

"ஆன்ட்டி, அது அழுக்கு இல்ல. அது என்னோட நாப்பது நாள்" அப்படீன்னுச்சு.

என்னன்னா, அஞ்சு வருசமாப் பழகுன ஒரு பையன். கட்டிக்கறேன், கட்டிக்கறேன்னு சொல்லிட்டிருந்தவன், ஒரு நாளு கல்யாணப் பத்திரிகைய வாட்சப்புல அனுப்பிட்டானாமா. பத்திரிகையில பொண்ணு பேரு வேற. அவசியம் வரவும்னு கீழ ஒரு கும்புடு வேற போட்டிருக்கறான், மூதேவி. இந்தப் புள்ள ஒரு நாளைக்கு ஒரு திட்டு, எந்த நாளு எம்புட்டு வெசனமோ அம்புட்டுப் பெருசா ஒரு திட்டுன்னு நாப்பது நாளு வெச்சிருக்குது. கொச்சியில ஒரு கண்காட்சிக்கு அனுப்பறதுக்கு. அடுத்த மாசம் அனுப்போணும்.

நான் என்னங்க பண்ணுவேன்? மன்னிச்சுக்க கண்ணுன்னேன். உள்ளுக்குள்ள, அந்த நாய்ப் பையனுக்கு நாப்பது நாளே எச்சு, ஒரு டஜன் எலுமிச்சம்பழத்துல போற கறைதானே அவன்னும் தோணுச்சு. இன்னிக்குக் கேட்டாலும் அந்தப் புள்ளைக்கு நான் பண்ணினது உபகாரம்னுதான் சொல்லுவேன். ஆனா அன்னிக்கு அது அழுததைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. வா, உனக்குப் புதுத்துணி தாரேன்னு சொல்லிக் கூட்டியாந்து, அவரு பீரோவைத் தொறந்தேன்.

அவரு போயி அப்ப எட்டு மாசம். வேட்டி, சட்டை எல்லாம் அடுக்கி வெச்சிருந்தேன். எல்லாம் பால் வெள்ளை. எந்த வேட்டி வேணுமோ எடுத்துக்கன்னேன். அந்தப் புள்ள ஒரு சட்டைய எடுத்து மோந்து பார்த்துச்சு. இன்னொண்ணை எடுத்து மோந்துச்சு. தலகாணி உறையக் கூட உடல. அப்பறம் என்னைப் பார்த்துக் கேட்டுச்சு.

"அங்கிளோட வாசம் எதுலயுமே இல்லையே ஆன்ட்டி?"

"வாசமா? எல்லாம் தொவைச்சாச்சு கண்ணு"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

சொல்லிட்டு நானும் ஒரு சட்டைய எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்துச்சு.

அவரு எப்படிப் போனாருன்னு கேக்கலையே நீங்க? சொல்லிடறேன். காலைல காப்பி கொண்டு போயிக் குடுத்தேன். அன்னிக்குத்தான் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு. திரும்பி ஜன்னலைத் தொறந்துட்டுப் பார்த்தா, காப்பி பூராவும் நெஞ்சு மேல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆரம்பிச்சுட்டேன். அந்தக் காப்பியோட நின்னேனா? எங்க கல்யாணத்தன்னிக்குக் கூறைச்சேலையில பாயசத்தைக் கொட்டுனாரே, அங்க இருந்து வரிசையா வந்தேன். கால் மணி நேரம். மனுசன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. தலையச் சொவத்துல சாச்சுட்டு, கண்ணை மூடிட்டுக் கேக்கறாரு. என்னடா இது, நாப்பது வருசத்துல இல்லாத பொறுமைன்னு கிட்டப் போயிப் பார்த்தா...

காப்பி கொட்டுனப்பவே உசுரு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அப்ப நான் ஆருகிட்டங்க பேசிட்டிருந்தேன்?

ஆளுங்க வர்றதுக்குள்ள சட்டையக் கழட்டி அலசிட்டேன். அப்படிப் பார்க்காதீங்க தம்பி. காப்பிக் கறை காஞ்சா போகாதுங்க. கை பாட்டுக்குச் செஞ்சுருச்சு. அப்பறம் நிக்கவே முடியல. தலகாணியப் பிரிச்சேன், உறைய சோடாவுல போட்டு வேக வெச்சேன். நாற்காலியத் தேச்சேன். சொவத்துல அவரு தலை பட்ட எடம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய் எறங்கிப் போயி இருந்துச்சு. அதையும் தேங்காநாரு போட்டுத் தேச்சு, மேல ரெண்டு தடவை வெள்ளை அடிச்சேன். நானே அடிச்சேன். காரியத்துக்கு வந்த ஒறம்பறை சனமெல்லாம், ஊட்டை எம்புட்டுச் சுத்தமா வெச்சிருக்கறே துளசிமணின்னு சொல்லிட்டு வடை தின்னுட்டுப் போனாங்க.

அந்தப் புள்ள அன்னிக்கு வேட்டியெல்லாம் எடுத்துக்கல. நான் தொவைச்சுப்போட்ட அந்தத் துணியையே மடிச்சுக் கொச்சிக்கு அனுப்பி வெச்சிருச்சு. வெறுந் துணிங்க! கண்காட்சியன்னிக்கு அங்க இருந்து வீடியோக் கால் போட்டுக் காட்டுச்சு. அந்தப் பெரிய ஹால்ல என்ற ஊட்டுத் தொவையல் தொங்குது. பக்கத்துல ஒரு சீட்டு. 'நாற்பது நாட்கள், கடுக்காய், இரும்பு, எலுமிச்சை, துளசிமணி' அப்படீன்னு எழுதியிருக்குது. என்னையும் ஒரு சாமானாட்டச் சேர்த்துட்டுது. நாலு பேரு கையக் கட்டிட்டு அதை மொறைச்சுப் பார்த்துட்டு நிக்கறாங்க. தாடி வெச்ச ஒருத்தரு போனை வாங்கி, இதைப் பத்தி நீங்க ஏதாச்சும் சொல்லுங்கம்மான்னாரு. கீழ மூலையில லேசா மஞ்சள் நிக்குது, இன்னும் ரெண்டு பழம் புழிஞ்சிருந்தா அதுவும் போயிருக்கும்னேன். அதை அவரு எழுதிக்கிட்டாருங்க. படிச்ச மனுசன்!

ஆனா சொவத்து விசயம் தனி. அதுல ஆர்ட்டெல்லாம் ஒண்ணுமில்லை. முன்கூட்டியே சொல்லிப்போடறேன்.

பீரோவைத் தொறந்த மறுநாளு சும்மாத்தான் மேல போனேன். அந்தப் புள்ள அண்டாவைக் கிண்டிட்டிருந்துச்சு. மேற்கால சொவத்தோரம் நாற்காலி வெறுமனே கெடந்துச்சு. உக்காந்தேன். சொவத்துல சாஞ்சேன். சொவரு சில்லுன்னு இருந்துச்சு. அவரு தலை பட்ட எடம் இன்னும் ஒரு சாண் மேல இருக்கும், நான் குட்டைங்க. மறுநாளு ஒரு பலகையப் போட்டு அது மேல உக்காந்தேன். அப்பறம் சித்த எண்ணெய் வெச்சுட்டுப் போனேன். அவரு காச்சறாப்புலயே கருவேப்பிலை போட்டுக் காச்சுனது. எனக்கு எண்ணெய்னாலே ஆவாது, ஒரு சொட்டுத் தொட்டு வெக்கற ஆளு. அன்னிக்கு உச்சியில இருந்து வழிய வழிய வெச்சேன்.

அப்பறம் தெனமும் மத்தியானம் ஒரு மணி நேரம். கையில அவரு பேப்பரு. நாலு பக்கம் படிச்சுட்டு எறங்கி வந்துருவேன். எண்ணெய்க் கறை லேசுல எறங்காதுங்க. போக்கறதுக்கு ஒரு மத்தியானம் போதும், வர வெக்கறதுக்கு மாசக் கணக்காவுது. ஆடியில ஆரம்பிச்சது, ஐப்பசியிலதான் லேசாத் தட்டுப்பட்டுச்சு. நாப்பது வருசமா அந்த மனுசன் எப்படித்தான் போற எடமெல்லாம் அஞ்சு நிமிசத்துல உண்டு பண்ணினாரோ, தெரியல. அதுக்கும் ஒரு தெறமை வேணும்.

ஒரு நாளு சந்தேகம் வந்துருச்சு, வடிவம் சரியா இருக்குதான்னு. ஆருகிட்டக் கேக்கறது? அந்தப் புள்ள அவரைப் பார்த்ததில்லை. அவரு தலையத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல ஒருத்தருதான். முக்குக் கடை சலூன்காரரு மாரப்பன். கூட்டியாந்து காட்டினேன். அவரு கண்ணைச் சுருக்கி, கிட்டப் போயி, தள்ளி வந்து பார்த்துட்டு, "நெம்ப நல்லா வந்திருக்குதுங்கம்மா. ஆனா அண்ணனுக்கு எடது பக்கம் பின்னால ஒரு மேடு இருக்கும். கத்தி அங்க மட்டும் சித்தத் தடுக்கும்"னாரு. எனக்குத் தெரியாதுங்க! நாப்பது வருசம் அந்தத் தலையோட குடும்பம் நடத்தியிருக்கறேன், அதுல ஒரு மேடு இருந்தது சலூன்காரருக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியல. விரல்ல எண்ணெயத் தொட்டு, அவரு காட்டின எடத்துல வெச்சு வெச்சுத் தேச்சேன். ஒரு வாரம் ஆச்சு. மாரப்பன் மறுக்கா வந்து பார்த்து, இப்பத்தாங்க அண்ணன்னாரு.

அந்தப் புள்ள அது வேலைய அது பாட்டுக்குப் பார்க்கும், நான் என்ற பாட்டுக்கு உக்காந்திருப்பேன். போட்டோ எடுத்துக்கட்டுமா ஆன்ட்டின்னு ஒரே ஒரு தடவை கேட்டுச்சு. வெளக்கமாறு பிஞ்சுரும்னேன். அப்பறம் கேக்கல. தை மாசத்துல ஒரு நாளு, "ஆன்ட்டி, இன்னிக்குப் பலகை வேண்டாம். நாற்காலியும் வேண்டாம். பக்கத்துல இந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்க உசரத்துக்கு" அப்படீன்னுச்சு. என்னத்துக்குன்னேன். சும்மான்னுச்சு. நானும் சும்மாத்தான் உக்காந்தேன், அப்பறம் தெனமும் அங்கதான்.

இப்ப அந்தச் சொவத்துல ரெண்டு தலை இருக்குதுங்க. ஒண்ணு உசரத்துல, ஒண்ணு சித்தக் கீழ. பக்கத்துப் பக்கத்துல.

நாப்பது வருசத்துல நாங்க அப்படி உக்காந்ததே இல்லை. பஸ்ஸுல போனாலும் அவரு படியில நிப்பாரு, நான் லேடீஸ் சீட்டு. ஊட்டுல பக்கத்துல போனாச் சேலையில எண்ணெய் ஆயிரும்னு எட்டவே நின்னு கத்துவேன். கத்துறதுக்குத் தூரம் வேணுமில்லீங்க. இப்பப் பாருங்க, மேல போயி உக்காந்தா கத்தறதுக்கும் ஆளில்லை, தூரமும் இல்லை. எனக்கு அவரு இல்லாம முடியலீங்க. இதை ஆருகிட்டயும் சொன்னதில்லை. ஊடு பார்க்க வந்த உங்ககிட்டச் சொல்லிட்டிருக்கேன்.

இருங்க, கண்ணுல ஏதோ தூசி. ஃபேனுக்கு மேல தொடைச்சு ஒரு வாரமாச்சு.

சித்திரையோட அந்தப் புள்ள காலி பண்ணிட்டுப் போயிருச்சு. வேற ஊருல சோலி. போறப்ப ஒரு அண்டாவை எனக்கு உட்டுட்டுப் போச்சு, சாம்பார் வெக்கறேன். வைகாசியில பூபதி வந்தான். மேல போனவன் அதே வேகத்துல கீழ வந்தான். "என்னம்மா சொவத்துல இவ்வளவு பெரிய எண்ணெய்க் கறை? அந்த ஆர்ட்டிஸ்ட் பண்ணிட்டுப் போன அசிங்கமா?"ங்கறான். பெத்த அப்பன் தலை, தம்பி. தோள்ல ஒக்காந்து, ரெண்டு கையால புடிச்சுட்டுத் திருவிழா பார்த்த தலை. அவனுக்குத் தெரியல. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. உங்கப்பன்டான்னு சொல்ல வாயெடுத்தேன். அவன் சிரிச்சுட்டா? இல்ல, சிரிக்காம அழுதுட்டா? ரெண்டையும் என்னால தாங்க முடியாது. ஆமா, அந்தப் புள்ள பண்ணினதுதான்னுட்டேன். அப்ப வெள்ளையடிச்சுரலாம்னான். அப்படி வந்ததுதான் நாளைக்கு ஆளு வாரது. என்ற வாயாலயே நான் கெட்டேன்.

போன் அடிக்குதுங்களே, எடுங்க, எடுங்க. நான் பேசிட்டிருந்தா நீங்க எடுக்கக் கூடாதா?

ஊட்டுல இருந்துங்களா? ஊடு புடிச்சாச்சான்னு கேக்கறாங்களா? கேப்பாங்க, கேப்பாங்க. ஒரு மணி நேரமா உங்களுக்குக் குடும்பம் உண்டா இல்லையான்னு கூட நான் கேக்கல பாருங்க. என்னது, ஏழு மாசமா? மாசமா இருக்கற புள்ளைய வெச்சுட்டு மாடி ஊடு பார்க்க வந்தீங்களா? அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? பதினெட்டுப் படிங்க, செங்குத்தா! திருப்பத்துல கைப்புடி கூட இல்லை. ஒரு கொடம் தண்ணி வேணும்னா... தண்ணி நல்லா வரும்னு சொன்னேனல்ல, ஆனாலும்.

இருங்க, இருங்க. கம்முனு இருங்க, நான் யோசிச்சுட்டிருக்கேன்.

கீழ எத்தனை ரூமு பார்த்தீங்க? இது ஹாலு, அது சமையக்கட்டு, பின்னால பொடக்காலி, துணி காயப்போட எடம் இருக்குது. கொழந்தைத் துணி நெறைய வருமுங்க. நீங்க கீழ வந்துருங்க. நான் மேல போயிக்கறேன். மொழங்கால் வலியா? அது இங்க இருந்தாலும் வலிக்குது, அங்க இருந்தாலும் வலிக்கும். மாசமா இருக்கற புள்ளைக்காக நான் மேல போனேன்னா பூபதியால ஒண்ணும் சொல்ல முடியாதல்ல? அவனுக்கு மேல ஆளு இருக்கோணும். நான் ஆளு இல்லையா?

நாளைக்கு வாரவரைக் கீழ மட்டும் அடிக்கச் சொல்லிடறேன். என்ன கலரு வேணுமோ உங்க ஊட்டுக்காரியையே சொல்லச் சொல்லுங்க. பூபதி கூப்புட்டுக் கேட்டான்னா, வெள்ளையடிச்சாச்சுங்கன்னு சொல்லோணும். எங்கன்னு அவன் கேக்க மாட்டான். கேட்டா போன்ல சத்தம் கேக்கலைன்னு வெச்சுருங்க.

என்னத்துக்கு யோசிக்கறீங்க? எந்திரிங்க. இன்னிக்கே என்ற கட்டிலை ஏத்திப்போடலாம், நாளைக்கு ஆளு வந்துட்டா எடைஞ்சல். நீங்க அந்த முனையப் புடிங்க. நான் இந்தப் பக்கம் புடிக்கறேன், எனக்குப் பலமிருக்குது, நாப்பது வருசம் காக்கி புழிஞ்ச கை. மெதுவா. திருப்பத்துல சித்தச் சாச்சுக்குங்க. மேல போனதும் ஜன்னல் பக்கமாப் போட்டுருங்க. மேற்கால வேண்டாம். அந்தச் சொவத்தோரம் ரெண்டு நாற்காலி போடோணும்.